ஆறரை அடி கால் எலும்பு மண்ணோடு மண்ணானது! கல்லமேடு ராட்சத டைனோசரின் கதை

அரியலூர் என்றால் சிமெண்டு. இது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அங்கே எப்படி வந்தது?

ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல்! சிப்பியும் நத்தையும் செத்து, படிந்து, இறுகிக் கல்லாகிவிட்டன. அதுதான் இன்றைக்கு லாரி லாரியாகப் போகிறது.

அந்தக் கடலோரத்தில் டைனோசர்களும் நடமாடின. இன்றைக்குச் சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்பு! அதில் ஒன்று, பூமியில் நடந்த பிராணிகளிலேயே பெரியதாக இருந்திருக்கலாம். ஆனால், "எங்கே, காட்டுங்கள்" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு எலும்புகூட இல்லை.

வாசல் நிலை உயரம்!

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கிராமம் கல்லமேடு. முன்பு இது திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இங்கே கிடைத்த எலும்புகளைப் பற்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் எழுதினார்கள்.

இடுப்பு எலும்பு, தொடை எலும்பு, வால் எலும்பு... எல்லாமே துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. ஆனால் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் நீளம் 2 மீட்டர். அதாவது ஆறரை அடி! வீட்டு வாசல் நிலை உயரம்! அர்ஜென்டினாவில் கிடைத்த பிரமாண்டமான டைனோசருக்கே அந்த இடத்து எலும்பு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான்.

'பிருகத்காயோசாரஸ் மேட்லியி' என்று பெயர் வைத்தார்கள். பிருகத்காயம் என்றால் பெரிய உடம்பு. மேட்லி என்பவர் இந்தியாவில் டைனோசர் எலும்புகளைத் தேடி எடுத்த வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர்.

கறியா, தழையா?

முதலில் இதை மாமிசம் தின்னும் ஜாதி என்றுதான் எழுதினார்கள். பிறகு மற்ற ஆராய்ச்சியாளர்கள், "இல்லை, இது தழை தின்னி" என்றார்கள்.

செத்து 7 கோடி வருஷம் ஆன மிருகம் என்ன சாப்பிட்டது என்று எப்படித் தெரியும்? பல்லும் எலும்பும் சொல்லிவிடும்.

மாமிசம் தின்னும் டைனோசர் இரண்டு காலில் நடக்கும். பல், கத்தி மாதிரி. ஓரத்தில் ரம்பம் போல் அரம் இருக்கும். கால் எலும்பின் உள்ளே குழாய் போல் வெற்றிடம். குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயர் சூட்டப்பட்ட 'ராஜாசாரஸ்' இந்த ஜாதி. அதற்குத் தலையில் சின்னக் கொம்பு வேறு!

நீண்ட கழுத்து டைனோசருக்கு நான்கு கால். ஒவ்வொன்றும் கோயில் தூண் மாதிரி. தழையை மெல்லாது, உருவி அப்படியே விழுங்கும். உடம்பு பெரியதாகப் பெரியதாக, கால் எலும்பும் பருக்கும். கல்லமேட்டு ராட்சதனை இந்தக் கூட்டத்தில்தான் இப்போது சேர்க்கிறார்கள்.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. கிளி மாதிரி அலகு, முதுகில் கவசம், முகத்தில் மூன்று கொம்பு என்று பல வேஷம். அவையும் பெரும்பாலும் தழை தின்னிகளே.

22 யானை எடை!

கல்லமேட்டு மிருகத்தின் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்று 2023-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. ஒரு யானைக்கு 5 டன் என்று வைத்தால்கூட, குறைந்தது 22 யானை!

ஆனால் இந்தக் கணக்கை எலும்பை நிறுத்துப் போடவில்லை. பழைய அளவையும் படத்தையும் வைத்துப் போட்டதுதான். காரணம், எலும்பு இல்லை. எடுக்கும்போதே நொறுங்கும் நிலையில் இருந்த எலும்புகள், பாதுகாப்புக்காகப் போட்ட கட்டுக்குள்ளேயே உதிர்ந்து போயின. அவை இப்போது இல்லை என்ற தகவல் 2017-ல் அச்சில் வந்தது.

"அது எலும்பே அல்ல, கல்லாகிப் போன மரம்" என்றும் சிலர் சந்தேகப்பட்டார்கள். பக்கத்து பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் அப்படி ஒரு கல்மரம் படுத்துக் கிடக்கிறதே! 2022-ல் பழைய போட்டோக்கள் சில வெளியான பிறகுதான் எலும்பு என்ற கட்சிக்குப் பலம் கூடியது. எலும்பு இருந்திருந்தால் இந்த வழக்கே கிடையாது.

முட்டை வதந்தி

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. "டைனோசர் முட்டை!" என்று செய்தி பறந்தது. வல்லுநர்கள் பார்த்தார்கள். கடல் மண் உருண்டு இறுகிய கற்கள் என்று சொல்லிவிட்டார்கள். நிஜ முட்டையாக இருந்தால் ஓடு இருக்கும். ஓட்டில் மூச்சு விடும் நுண் துளைகள் இருக்கும்.

அதனால், தோண்டும்போது விசித்திரமான கல் அகப்பட்டால் உடைத்துப் பார்க்கக் கூடாது. எடுத்த இடத்தைக் குறித்து வைத்து, அதிகாரிகளுக்குச் சொன்னால் போதும். இப்படிக் கிடைத்தவற்றைப் பார்க்க, அரியலூர் பக்கம் வாரணவாசியில் அருங்காட்சியகமே இருக்கிறது.

அதே கல்லமேட்டுப் பாறையில்தான் பிறகு சின்னஞ்சிறு பல் ஒன்று கிடைத்தது. பறவைகளுக்கு நெருங்கிய சொந்தமான 'ட்ரூடான்' வகை டைனோசரின் பல் என்று 2013-ல் அறிவித்தார்கள். வடக்குக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாக நினைத்திருந்த அந்த இனம் இந்தியாவிலும் இருந்தது என்று அந்த ஒரு பல் சொல்லிவிட்டது.

22 யானை எடை மிருகத்துக்குச் சாட்சி இல்லை. சின்னப் பல்லுக்கு இருக்கிறது!