பருத்தி: முற்றத்தில் நட்டால் துணை, கடனில் நட்டால் சுமை

"பருத்தி போடலாமா? விதை, பசளை, மருந்து எல்லாம் கடனாகத் தருகிறோம், விளைச்சலையும் நாங்களே எடுக்கிறோம் என்று ஒருவர் வந்து சொல்கிறார். என்ன செய்யலாம்?"

இடம்பெயர்ந்து வந்து, பிறருடைய காணியில் பயிர் செய்யும் குடும்பங்கள் எம்மிடம் இப்படிக் கேட்பதுண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லிவிட முடியாது. முதலில் இந்தப் பயிரைச் சற்று அறிந்து கொள்வோம்.

வெண்டிக்கு உறவு

பருத்தி எமக்கு அந்நியமான செடி அல்ல. வெண்டி, செவ்வரத்தை, பூவரசு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவைப் பார்த்தாலே உறவு தெரியும். சிந்து வெளியில் மொகஞ்சதாரோ என்னும் இடத்தில் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பருத்தித் துணியின் எச்சம் கிடைத்திருக்கிறது. அவ்வளவு பழைய பயிர் இது. ஆயினும் இன்று உலகில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இனமே. அதை ஆண்டுதோறும் புதிதாக விதைக்கிறார்கள். எமது பகுதி நாடுகளின் பழைய இனங்களில், சிறு மரம்போல் வளர்ந்து சில ஆண்டுகள் நின்று காய்ப்பதும் உண்டு.

விதைத்துச் சுமார் 2 மாதத்தில் செடி பூக்கும். பூத்தபின் காய் முற்றி வெடிக்க மேலும் 45 முதல் 60 நாட்கள் செல்லும். வெடித்த காயில் மழை பட்டால் பஞ்சு கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மாரி மழையோடு விதைத்து, மழை ஓய்ந்தபின் பஞ்சு எடுப்பதே முறை. வெண்டிக் காயைத் துளைக்கும் புழுவே பருத்திக் காயையும் துளைக்கும். எனவே இரண்டையும் அருகருகே நட வேண்டாம்.

ஒவ்வொரு பங்கும் பயன்

செடியிலிருந்து 3 கிலோ பருத்தி பறித்தால், அதில் பஞ்சு ஏறக்குறைய 1 கிலோதான். மிகுதி 2 கிலோவும் விதை. விதையோடு அப்படியே விற்பவர் விதையின் பயனையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

சில செடிகளின் பருத்திக்கு இயந்திரம் தேவையில்லை. தட்டையான கல்லில் வைத்து, வழுவழுப்பான இரும்புக் கம்பியை அதன்மேல் உருட்டினால் விதை பிதுங்கி வெளியே வரும். பஞ்சை விரலால் உதிர்த்து விளக்குத் திரி திரிக்கலாம், தலையணைக்கும் அடைக்கலாம். பொறுமை உள்ளவர்கள் தக்ளியில் நூலும் நூற்கலாம். இலவம்பஞ்சு தலையணைக்கு நல்லது. ஆனால் அதன் இழை வழுக்கும் தன்மையுள்ளதால் அதை மட்டும் கொண்டு நூல் நூற்பது கடினம். பருத்தி இழையில் இயல்பாகவே முறுக்கு இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக் கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் எடுத்த பஞ்சைக் காயத்தில் வைக்க வேண்டாம். அதில் மெழுகு இருப்பதால் நீரையோ இரத்தத்தையோ உறிஞ்சாது, சுத்தமும் செய்யப்பட்டிருக்காது. மருந்துக் கடைப் பஞ்சு, காரம் சேர்த்து அவித்து மெழுகு நீக்கப்பட்டது.

பருத்தி விதை பால்மாட்டுக்கு நல்ல தீன். ஆனால் அளவோடு கொடுக்க வேண்டும். விதையில் கொசிப்போல் என்னும் நச்சுப் பொருள் உண்டு. வளர்ந்த மாட்டின் வயிறு அதை ஓரளவு தாங்கும். இளங்கன்றுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் அது கேடு. பறித்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் காயவைத்து அடுப்பெரிக்கலாம். நிலத்தில் விட்டுவைத்தால் அடுத்த போகத்துக்கான புழு அதில் தங்கும்.

வாரங்கல் சொல்லும் பாடம்

இனிக் கடன் விடயத்துக்கு வருவோம். இந்தியாவில், அன்று ஆந்திர மாநிலத்தில் இருந்த வாரங்கல் மாவட்டத்தில், 1997-98 போகத்தில் பருத்தி பெருமளவில் தோற்றது. காலம் தவறிய மழையும் புழுவும் சேர்ந்து அழித்தன. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் புழு அடங்கவில்லை. விதையும் மருந்தும் விற்ற வியாபாரியே பல இடங்களில் கடன் கொடுத்தவராகவும் விளைச்சலை வாங்குபவராகவும் இருந்தார். பலர் குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர்கள். கடன் தாங்காமல் பல கமக்காரர் தம் உயிரையே மாய்த்துக் கொண்டனர்.

2002 இல் புழுவை எதிர்க்கும் மரபணு மாற்றிய பருத்திக்கு இந்தியா அனுமதி அளித்தது. தொடக்கத்தில் மருந்துச் செலவு குறைந்தது உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக் கொண்டது. அத்துடன், அங்கு விற்கப்பட்டவை பெரும்பாலும் கலப்பின விதைகள். அவற்றிலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை அதே குணம் வராது. ஒவ்வொரு போகத்துக்கும் விதைக்குக் காசு வேண்டும்.

கையெழுத்திடுமுன்

எனவே, கடனுக்குப் பருத்தி போடச் சொல்பவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பயிர் தோற்றால் கடன் யாருடையது? விலையை எப்போது, யார் தீர்மானிப்பது? இவர் வாங்காவிட்டால் வேறு யாரிடம் விற்கலாம்? விதையை நாம் எடுத்து வைக்கலாமா?

மூன்றாவது கேள்வியை இலேசாக எண்ண வேண்டாம். மருதமுனையில் பெயர் பெற்ற கைத்தறிகள் இருக்கின்றன, நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளும் நிறைய உண்டு. ஆயினும் இங்கு பெரும்பாலும் வெளிநாட்டு நூலும் துணியுமே பயன்படுகின்றன. விதையோடு கூடிய பருத்தியை நெல்லைப்போல் கிராமச் சந்தையில் விற்றுவிட முடியாது. சாப்பிடவும் முடியாது.

பதில்களை எழுத்தில் கேளுங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். காணி உங்களுடையதல்ல என்றால், உரிமையாளர் எப்போது திரும்பி வருவார் என்பதையும் கணக்கில் எடுங்கள். நிலத்தின் பெரும்பகுதி வீட்டு உணவுக்கான பயிருக்கே இருக்கட்டும்.

அதற்காகப் பருத்தியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பழைய இன விதை கிடைத்தால் வேலியோரமாக நாலைந்து நடுங்கள். திரிக்கும் தலையணைக்கும் அது உதவும், கடனும் இல்லை. நன்கு வெடித்த காய்களின் விதையில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து வைத்தால் அடுத்த மாரிக்கு உதவும். சொந்த ஊருக்குத் திரும்பும் நாள் வந்தால், அந்த முடிச்சையும் எடுத்துக் கொண்டு போகலாம்.