இரண்டு பாத்திமாக்களும் ஒரு சாவியும்

உம்மா எங்கள் தெருப் பெண்களுடன் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறார். கணக்கெல்லாம் ஒரு கொப்பியில்தான். அதற்குக் கைபேசிச் செயலி ஒன்று செய்யத் தொடங்கியபோது நான் கற்ற பாடத்தையே இங்கே எழுதுகிறேன்.

நான் பயன்படுத்தியது ‘ஆப் இன்வென்டர்’. கூகுளில் உருவாகி 2010இல் வெளிவந்த இதை இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் நடத்துகிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. கட்டைகளைப் போலப் பொருத்தினால் போதும்.

செய்நிரலில் ஒரு பெறுமானத்தை வைத்திருக்கும், பெயரிட்ட இடமே மாறி. ‘மொத்தம்’ என்ற மாறியில் முதலில் 0 வைத்தேன். ஒருவர் 500 ரூபா கட்டினால் 500. அடுத்தவர் 1000 கட்டினால் 1500. பெயர் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பது மாறும்.

ஆனால் யார் எவ்வளவு கட்டினார் என்பதை ‘மொத்தம்’ சொல்லாது. அதற்குத்தான் அகராதி. சொல்லைத் தேடினால் பொருள் கிடைப்பதுபோல, ‘சாவி’யைக் கொடுத்தால் அதற்குரிய பெறுமானம் கிடைக்கும். நான் பெயரைச் சாவியாகவும் கட்டிய பணத்தைப் பெறுமானமாகவும் வைத்தேன்.

அங்கேதான் பிழை நேர்ந்தது. எங்கள் தெருவில் இரண்டு பாத்திமாக்கள். இரண்டாமவரின் 1000ஐப் பதிந்ததும் முதலாமவரின் 500 மறைந்துவிட்டது. அகராதியில் ஒரு சாவி ஒருமுறைதான் இருக்கும். அதே சாவிக்கு மீண்டும் பெறுமானம் கொடுத்தால் பழையது அழியும். செயலி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அகராதியில் உள்ளவற்றைக் கூட்டியபோது, ‘மொத்தம்’ காட்டியதைவிட 500 குறைந்ததால்தான் கண்டுபிடித்தேன். கொப்பி இல்லாவிட்டால் அது யாருடைய காசு என்று தெரிந்திருக்காது.

ஆகவே சாவி இருவருக்குப் பொதுவாக இருக்கக் கூடாது, மாறவும் கூடாது. உம்மம்மாவை நினைத்தால் இது விளங்கும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர் பெரியமடுவிலிருந்து புத்தளம் போனார். யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தார். அவருடைய முகவரி இரண்டு தடவை மாறியது. அடையாள அட்டை இலக்கம் மாறவில்லை. முகவரி பெறுமானம், அட்டை இலக்கம் சாவி.

அட்டை இலக்கம் தனிப்பட்ட தகவல் என்பதால், சீட்டில் ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் இலக்கம் கொடுத்தேன். புதியவரைச் சேர்க்குமுன், அந்தச் சாவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் கட்டையையும் பொருத்தினேன். பழைய உறுப்பினர் மறுபடி கட்டினால், இருந்த தொகையை எடுத்து, கூட்டி, திரும்ப வைக்கிறேன். தொலைபேசி இலக்கத்தை எண்ணாக அன்றி எழுத்தாகவே சேமிக்கிறேன். எண்ணாக வைத்தால் முதலில் உள்ள பூச்சியம் போய்விடும்.

இப்போது கொப்பியும் செயலியும் ஒரே கணக்கைச் சொல்கின்றன. செயலி செய்ய விரும்பும் தங்கைமாரே, முதலில் இதைக் கேளுங்கள்: இந்தச் சாவி இன்னொருவருக்கும் பொருந்துமா?