தொழிற்சாலைக் காப்பு மின்கலங்கள்

தொழிற்சாலைக் காப்பு மின்கலங்கள் என்பவை, மின்வழங்கல் தடைப்படும்போது இயந்திரங்களைப் பாதுகாப்பாக நிறுத்தவும், கட்டுப்பாட்டுக் கருவிகளின் நினைவகத்தைக் காக்கவும் பயன்படும் மின்கலங்கள் ஆகும். இவற்றில் பெரும்பாலானவை, 1859-இல் காஸ்தோன் பிளான்டே உருவாக்கிய ஈய-அமில மின்கலத்தின் வழிவந்தவை.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது. சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவம் முடிந்ததும் இயந்திரங்கள் பல மாதங்கள் நிறுத்தப்படும். ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளைவிட இங்கு மின்கலங்களுக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

வகைகள்

நிலைய மின்கலத் தொகுதி: ஓர் ஈய-அமிலக் கலத்தின் மின்னழுத்தம் 2 வோல்ட். 55 கலங்களைத் தொடராக இணைத்தால் 110 வோல்ட் கிடைக்கும். குறுக்குச்சுற்று ஏற்படும்போது ஆலையின் மின்னழுத்தமே சரிந்துவிடுவதால், பிரேக்கர்களைத் திறக்கும் ஆற்றல் இத்தொகுதியிலிருந்தே பெறப்படுகிறது. டர்பைனின் அவசர எண்ணெய் பம்பும் இதனால் இயங்கும். நீராவியை நிறுத்திய பின்னரும் டர்பைன் சுழன்றுகொண்டிருக்கும். அப்போது எண்ணெய் கிடைக்காவிட்டால் அதன் பேரிங்குகள் உருகிச் சேதமடையும்.

யூ.பி.எஸ். மின்கலங்கள்: கணினிகளுக்கும் அளவீட்டுக் கருவிகளுக்கும் மின்சாரம் தருபவை. பெரும்பாலும் நீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய 12 வோல்ட் மின்கலங்கள்.

நினைவக மின்கலங்கள்: பழைய பி.எல்.சி. கட்டுப்படுத்திகள் பலவற்றில் நிரலைக் காக்கும் சிறிய லித்தியம் மின்கலங்கள். 3.6 வோல்ட் வகை பரவலாக உள்ளது.

பராமரிப்பு

திறந்த வகைக் கலங்களில் நீர்மட்டத்தை மேல், கீழ்க் குறிகளுக்கு இடையே வைத்திருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் ஒப்படர்த்தியையும் பதிவேட்டில் குறித்துவந்தால், நலிந்துவரும் கலம் முன்கூட்டியே தெரியும்.

மின்னேற்றம் நடக்கும்போது மொத்த மின்னழுத்தம் சரியாக இருப்பது மட்டும் போதாது. தொடர் இணைப்பில் ஒரு கலம் உள்ளே அறுந்தாலும் முழுத் தொகுதியும் பயனற்றுப் போகும். எனவே உண்மையான சுமையைக் கொடுத்துச் சோதிப்பதே நம்பகமானது. ஆலை நிற்கும் மாதங்கள் இதற்கு ஏற்றவை.

வெப்பமும் ஆயுளைக் குறைக்கிறது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறத்தாழ 10 பாகை கூடினால் ஈய-அமில மின்கலத்தின் ஆயுள் பாதியாகும். மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஐதரசன் காற்றில் 4 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றக்கூடும். அறையில் காற்றோட்டம் கட்டாயம்.

ஆலை நிற்கும் காலம்

மின்னிறக்கமான நிலையில் விடப்பட்ட ஈய-அமிலக் கலத்தின் தகடுகளில் சல்பேட்டுப் படிவு இறுகிவிடும். ஆகவே ஆலை நின்றாலும் சார்ஜரை அணைக்கக் கூடாது. நினைவக மின்கலத்தின் நிலை வேறு. ஆலை ஓடும்போது அதற்கு வேலை மிகக் குறைவு; பி.எல்.சி.யின் மின்சாரம் நிறுத்தப்பட்ட பிறகே அது கரையத் தொடங்குகிறது. 3.6 வோல்ட் லித்தியம் கலத்தின் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய மாறாதிருந்து திடீரெனச் சரியும். எனவே அளந்து பார்ப்பதைவிட, வைத்த தேதியை எழுதி ஒட்டி, உற்பத்தியாளர் கூறும் காலத்தில் மாற்றுவதே பாதுகாப்பு.

மாற்றும் முறை

நினைவக மின்கலத்தைப் பொதுவாக பி.எல்.சி.க்கு மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். இல்லையெனில் நிரல் அழியக்கூடும். அதற்கு முன் நிரலின் நகலை எடுத்து வைக்க வேண்டும்.

ஈய-அமிலத் தொகுதியின் கொள்திறன், குறிப்பிட்ட அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றுவது வழக்கம். மாற்றும்போது:

1. மாற்றுத் தொகுதி ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லையெனில் டர்பைனை நிறுத்திய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும்.
2. சார்ஜரையும் சுமையையும் துண்டிக்க வேண்டும்.
3. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, காப்புறையிட்ட கருவிகளைப் பயன்படுத்த வேண்டும்.
4. நேர்முனை, எதிர்முனைகளைச் சரிபார்த்துப் புதியவற்றை இணைக்க வேண்டும்.
5. பழைய, புதிய மூடிய மின்கலங்களை ஒரே தொடரில் கலக்கக் கூடாது.
6. முழு மின்னேற்றத்துக்குப் பின் சுமைச் சோதனை செய்ய வேண்டும்.

பழைய மின்கலங்கள்

ஈயம் நச்சுத்தன்மை கொண்டது. குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய மின்கலங்களை உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றுவது நிலத்தையும் கிணறுகளையும் கெடுக்கும். இந்தியாவின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி இவற்றை உரிய சேகரிப்பாளரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும்.