முகவரி சரிதானா?

தேர்வு விண்ணப்பம் ஒன்றைக் கணிப்பொறியில் நிரப்புகிறீர்கள். மின்னஞ்சல் முகவரியில் @ குறியை இட மறந்துவிட்டால், 'முகவரி தவறு' என்று உடனே செய்தி வருகிறது. கணிப்பொறி இதை எப்படிக் கண்டுபிடித்தது?

முகவரியின் அமைப்பைக் கூறும் குறியீட்டு வாய்பாடு ஒன்று அதனிடம் இருக்கிறது. அதற்கு 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பெயர். நரம்புப் பின்னல்களைக் கணித முறையில் ஆராய்ந்த அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி, 1951-இல் இக்கருத்தை உருவாக்கினார். இதைக் கொண்டு எழுத்துத் தொடர்களைக் கணிப்பொறியில் தேடும் முறையைக் கென் தாம்சன் 1968-இல் வெளியிட்டார்.

எளிய வாய்பாடு ஒன்றைப் பார்ப்போம்:

[^@]+@[^@]+

[^@] என்றால் '@ அல்லாத ஏதேனும் ஓர் எழுத்து' என்று பொருள். அதை அடுத்துள்ள + குறி, 'ஒன்றோ, அதற்கு மேலோ' என்பதைக் குறிக்கும். கணிப்பொறி ஒவ்வோர் எழுத்தாகப் பொருத்திப் பார்க்கும். முகவரி முழுவதும் பொருந்தவேண்டும். @ இல்லாவிட்டாலும், இரண்டு இருந்தாலும் பொருந்தாது.

வாய்பாட்டை இன்னும் கடுமையாக்கினால் நல்லதல்லவா? அங்கேதான் ஆபத்து! முகவரியின் இறுதிப் பகுதி ஆங்கிலத்தில் இரண்டு அல்லது மூன்று எழுத்துகளே என்று கொண்டு எழுதிய வாய்பாடுகள் உண்டு. 2001-இல் 'இன்ஃபோ' என்ற நான்கெழுத்து முடிவும், 'மியூசியம்' என்ற ஆறெழுத்து முடிவும் வந்தன. அவ்வாய்பாடுகள் இந்தச் சரியான முகவரிகளையும் தள்ளிவிடும். ஓ'பிரையன் என்ற ஐரிஷ் பெயரிலுள்ள மேற்குறியை முகவரியின் முதற்பகுதியில் விதிகள் அனுமதிக்கின்றன. வாய்பாடு அனுமதிக்காவிட்டால் அவர் விண்ணப்பிக்கவே முடியாது. ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் வாய்பாடு, தமிழ் எழுத்தில் அமைந்த முகவரியையும் மறுத்துவிடும். ஆனால் 2012-இல் வெளியான விதிகளின்படி அதுவும் செல்லும்.

நம் எளிய வாய்பாடும் குறையற்றதன்று. முதற்பகுதியை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால், அதற்குள் இன்னொரு @ வரலாம் என்பது விதி! இத்தகைய முகவரி மிக அரிது.

வடிவம் சரியாக இருந்தால் போதுமா? பின்கோடில் ஆறு இலக்கங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. மின்னஞ்சலும் அப்படியே. எனவே, ஒரு மடலில் இரகசிய எண்ணை அனுப்பி, அதைத் திரும்பக் கேட்பதே உறுதியான சோதனை. வாய்பாட்டின் வேலை, கைதவறி நேரும் பிழையைச் சுட்டுவது மட்டுமே.

பின்கோடுக்கு நீங்களே ஒரு வாய்பாடு எழுதிப் பாருங்கள். [0-9] என்றால் ஏதேனும் ஓர் இலக்கம். ஆனால், முதல் இலக்கம் 0 ஆக இராது என்பதை மறவாதீர்கள்!