பாட்டின் குரலும் பாடுபவரும்

நாட்டார் பாடல் ஒன்றில் 'மச்சானே' என்று வந்தால் பெண் பாடியது, 'மச்சியே' என்று வந்தால் ஆண் பாடியது என்று எழுதிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உயர்தர வகுப்பு மாணவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் பாட்டுக்குள் பேசும் குரல் வேறு, அதைப் பாடும் ஆள் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், நமது பெண்கள் உண்மையில் எதைப் பாடினார்கள் என்பதே தெரியாமற் போய்விடும்.

ஆண் பெண் குரலில் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவி கூற்றாக வருபவற்றிற் பெரும்பாலானவை ஆண் புலவர்கள் பாடியவையே. கும்மி பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டு. ஆனால் மலையகத்துக் கோப்பித் தோட்டங்களைப் பற்றி 1869இல் அச்சான 'கோப்பிக் கிருஷிக் கும்மி'யை எழுதியவர் ஆபிரகாம் ஜோசப் என்ற ஆண்.

எங்கள் லிந்துலைப் பக்கத் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தைப் பாருங்கள். மாசி மாதத்தில் மன்மதன் எரிந்ததும் ரதி ஒப்பாரி வைக்கிறாள். ரதி வேஷம் கட்டுவது வழக்கமாக ஓர் ஆண். சாவு வீட்டில் ஒப்பாரி பெண்களுக்கே உரியது. தோட்டமே கூடி நின்று கேட்கும் ஒப்பாரியோ ஆணிடம் போய்விடுகிறது. பாட்டு வகை ஒன்றுதான். யார் பாடலாம் என்பதை முடிவு செய்வது பாட்டின் பொருளல்ல, பாடுகிற இடம். ஆண் எந்தக் குரலையும் எடுத்துக்கொண்டு சபைக்கு வரலாம். பெண்ணுக்குத் தொட்டிலடி, சாவு வீடு, கொழுந்து மலை என்று இடம் வகுக்கப்பட்டிருந்தது.

அந்த எல்லையைத் தாண்டியவர்களும் உண்டு. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டிலே உரிமையைப் பற்றிப் பாடினார். அவருடைய பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. மேடை கிடைத்ததும் பாட்டின் பொருளும் மாறியதைக் கவனிக்க வேண்டும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் பல அழிந்தே போயிருக்கும். அக்கவிகளில் ஆண் குரலும் உண்டு, பெண் குரலும் உண்டு. இரவில் பரண்மேல் வயற்காவல் இருப்பவர் மச்சியின் ஏக்கத்தையும் தானே படிப்பார். பாய் இழைத்துக்கொண்டே ஒரு பெண் அதே கவியைப் படித்தால் அதன் அர்த்தம் வேறாகிறது. அவருக்கு அது தன் மனதை மறைமுகமாகச் சொல்லும் வழி. காகிதத்திலோ இரண்டும் ஒரே நாலு வரிதான்.

மலையக முஸ்லிம் வீடுகளில் இந்தத் தேடல் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. என் வகுப்பில் வீட்டுப் பாட்டுகளை எழுதிவரச் சொன்னபோது ஒரு மாணவன், "எங்க வீட்டுல யாரும் பாட மாட்டாங்க சேர்" என்றான். "தங்கச்சிய உம்மம்மா எப்படித் தூங்க வைக்கிறாங்க?" என்று கேட்டேன். "ராகமா இழுப்பாங்க... அது பாட்டா சேர்?" என்றான். பெண்கள் வீட்டுக்குள் பாடுவதைப் பாட்டென்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "பாட்டுத் தெரியுமா?" என்று கேட்டால் உம்மம்மாவும் இல்லையென்றுதான் சொல்லுவார்.

தோட்டப் பாடல்களுக்கு மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை கிடைத்தார். நம் வீடுகளுக்கு நாம்தான் இருக்கிறோம். ஆகவே பாட்டைப் பதியும்போது வரிகளோடு நிறுத்திவிடக் கூடாது. பாடியவர் ஆணா பெண்ணா, யாரிடம் கேட்டுப் பழகினார், எங்கே இருந்து பாடினார், பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் வந்தால் நிறுத்திவிடுவார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். நம் தொகுப்புகளில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.