வளரிளம் பருவமும் வலிப்பு நோயும்

பதின்ம வயதில் தொடங்கும் வலிப்பு வகைகளுள் முக்கியமானது இளம்பருவத் தசைத்துள்ளல் வலிப்பு. பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டும். ஜெர்மானிய மருத்துவர் டீட்டர் யான்ஸ் 1957-இல் இதைத் தனி வகையாக விரிவாக விளக்கினார். தூங்கி எழுந்த சற்று நேரத்தில் தோளும் கையும் வெட்டி இழுக்கும். பல் துலக்கும் பிரஷோ காபி டம்ளரோ துள்ளி விழும். நினைவு தவறுவதில்லை என்பதால், கவனக்குறைவு என்று வீட்டில் திட்டுதான் கிடைக்கும். ஒருநாள் உடல் முழுதும் வெட்டி இழுத்து விழுந்த பிறகே மருத்துவரிடம் போகிறார்கள்.

அப்போது அந்தக் காலைத் துள்ளலைப் பற்றியும் மறக்காமல் சொல்ல வேண்டும். வேறு சில வலிப்புகளுக்கு நன்கு உதவும் கார்பமசெபைன் மருந்து, இந்த வகையில் துள்ளலை அதிகப்படுத்தக்கூடும். மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பு; மூளையின் மின்னோட்டத்தைக் காட்டும் இ.இ.ஜி. பதிவும் பெற்றோர் சொல்லும் விவரமும் சேர்ந்தே அதன் வகையைக் காட்டுகின்றன.

இந்த வகை வலிப்பைத் தூண்டுவதில் தூக்கக் குறைவுக்கு முக்கிய இடம் உண்டு. பருவ வயதில் உடலின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் நகர்கிறது; இரவில் தூக்கம் தாமதமாக வருகிறது. பள்ளியும் டியூஷனும் விடியலிலேயே எழுப்புகின்றன. தேர்வுக்காகக் கண்விழித்த இரவின் மறுநாள் காலை வலிப்பு வருவது தற்செயல் அல்ல. இந்தப் பிள்ளைகளுக்குத் தூக்கமும் மருந்துதான்.

மாத்திரையை ஓரிரு வேளை தவறவிட்டாலும் வலிப்பு திரும்பக்கூடும். மருந்தின் பக்கவிளைவுகளையும் கவனிக்க வேண்டும். லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலும் கோபமும் தரும். அதை வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடக் கூடாது. வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு மாற்று மருந்து உண்டா என்று முன்கூட்டியே பேச வேண்டும். எதையும் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

பாதுகாப்பு வேறு, அடைத்துவைப்பது வேறு. குளியலறைக் கதவைத் தாழிடாமல் சாத்திக்கொள்வது, நீச்சல் தெரிந்தவர் துணையின்றிக் கிணற்றிலோ ஆற்றிலோ இறங்காமலிருப்பது, அடுப்பருகே தனியாக நிற்காமலிருப்பது, பைக் ஓட்டாமலிருப்பது ஆகியவை தேவையான கட்டுப்பாடுகள். விளையாட்டையும் நண்பர்களையும் சுற்றுலாவையும் பறிப்பது தேவையற்றது. வலிப்பு உள்ள பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம்; தனிமை அதை வளர்க்கும்.

வகுப்பாசிரியருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் மென்மையான துணியை வைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே மீண்டும் வந்தாலோ 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஊரார் அறிந்தால் கல்யாணம் நடக்காது என்ற அச்சம் பல வீடுகளில் நோயை மறைக்கவைக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த வலிப்பு, 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. வீட்டார் ஒளிக்கும் நோயைப் பிள்ளை வெட்கமாகவே உணரும். வெட்கப்படும் பிள்ளை நண்பர்கள் முன் மாத்திரை போடாது.

'மாத்திரை போட்டாயா?' என்ற கேள்வி காலமெல்லாம் தாயிடமிருந்தே வர முடியாது. முதலில் தாயோ தந்தையோ எடுத்துத் தரலாம். பிறகு நாள்வாரிப் பெட்டியில் பிள்ளையே அடுக்கி, பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம். பின்னர் கைப்பேசி அலாரம் போதும். மருத்துவரிடம் சில நிமிடங்கள் தனியே பேசவும் விடவேண்டும். உரிய சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தன் நோயின் பெயர், மருந்தின் பெயர், அதன் அளவு, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது ஆகிய நான்கையும் தானே சொல்லத் தெரிந்த பிள்ளையை விடுதிக்கும் கல்லூரிக்கும் நம்பி அனுப்பலாம்.