இருட்டில் ஒரு குறி!

"ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனையும் கடித்த கதை" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வோம். மளிகைக்கடைக்காரர் விலையை ஏற்றினாலும் சரி, எதிர்வீட்டுப் பையன் பந்தடித்து மூன்றாவது ஜன்னலை உடைத்தாலும் சரி, இந்தப் பழமொழி உடனே நாக்கில் வந்து நிற்கும். ஆனால் பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் வட்டாரத்து மலையடிவாரக் கிராமங்களில் இதை யாரும் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. அங்கே ஆட்டைக் கடிப்பது நிஜமான சிறுத்தைப் புலி.

வேலூர் என்றதும் கோட்டையும் ஆஸ்பத்திரியும் வெயிலும் நினைவுக்கு வரும். ஆம்பூர் என்றால் தோலும் பிரியாணியும். இந்த இரண்டுக்கும் மூலாதாரமான பிராணி எது என்று சற்று யோசித்துப் பாருங்கள்! காலை பஸ் பிடித்துக் காலணித் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய மாமியாரோ தாயாரோ வீட்டில் நாலு ஆடு வளர்த்தால், குடும்பத்தின் சேமிப்புப் பாங்கு அதுதான். பள்ளிக்கூடம் திறந்தால் ஓர் ஆடு; வளைகாப்பு வந்தால் ஓர் ஆடு. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏழைக் கிராமத்துப் பெண்களுக்குத் தலைக்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் ஒரு பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய கௌண்டின்யா சரணாலயக் காடு. மறு பக்கம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும். அங்கே குடியிருக்கும் சிறுத்தைக்கும் ஆடு என்றால் பிரியம். 2024 ஜூன் மாதம் திருப்பத்தூர் ஊருக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்து பள்ளி வளாகத்தில் புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கத்தில் ஓர் இளம்பெண் சிறுத்தைக்குப் பலியானாள்.

"இதற்கு ஒரு வழிதானே உண்டு? நல்ல துப்பாக்கியாகக் கொண்டுவந்து சுட்டுத் தள்ளுவதுதானே!" என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவதில் தவறில்லை. ஆனால் இருட்டில் சரியாகச் சுடுவது எப்படிப்பட்ட காரியம் என்பதைக் கொஞ்சம் கேளுங்கள்.

துப்பாக்கிக்குச் செய்யும் சிங்காரம்

ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய சத்துரு நரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுபோய் விட்ட பிராணி அது. குட்டி போடும் பருவத்தில் பண்ணைக்காரர்கள் ராத்திரியில் துப்பாக்கியோடு காவல் இருக்கிறார்கள். அங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர்கள் துப்பாக்கியைத் தயார் செய்வதைப் பார்த்தால், கல்யாணப் பெண்ணைச் சிங்காரிப்பது கூட அவ்வளவு சிரமமில்லை என்று தோன்றும்.

முதலில் குழலைத் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். குழலையும் மரக்கட்டையையும் இணைக்கும் திருகாணிகளும், மேலே பொருத்திய தூரக்கண்ணாடியின் திருகாணிகளும் துளிக்கூட ஆடக்கூடாது. தோட்டாக்கள் எல்லாம் ஒரே ரகமாக இருக்க வேண்டும். பிறகு பட்டப்பகலில், மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, நூறு மீட்டரில் ஒரு காகிதத்தைக் கட்டி மூன்று குண்டு சுடுவார்கள். மூன்று ஓட்டைகளும் நெருங்கி விழுந்தால் துப்பாக்கி நல்லது என்று அர்த்தம். நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தனவோ அந்த அளவுக்குக் குறியைத் திருகித் திருத்தி, மறுபடியும் மூன்று குண்டு. ராத்திரி வேட்டையில் பாதி வேலை பகலிலேயே முடிந்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நுனியில் ஒரு சிறு மேடு, பின்னால் ஒரு சிறு பள்ளம். இரண்டையும் கண் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 60 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகிப் போகும். தையல் மெஷினில் ஊசி நூலிழை விலகினால் ஒரு தையல்தான் கெடும். இங்கே கெடுவது ஓர் உயிர். குறி தவறிக் காயம்பட்ட சிறுத்தை புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டால், மறுநாள் அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போகிறவளின் கதி என்ன?

இருட்டு வேறு சேர்ந்தால் கேட்க வேண்டாம். டார்ச் விளக்கைக் குழலோடு சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். வெளிச்சம் விழும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்கள் நெருப்புத் துண்டாய் மின்னும். சிறுத்தையின் கண்தானா? ஆட்டின் கண்ணும் மின்னும், பசுவின் கண்ணும் மின்னும், உங்கள் வீட்டு நாயின் கண்ணும் மின்னும். ஆகவே உடம்பு முழுவதும் தெரிந்து இன்ன பிராணி என்று நிச்சயமாகும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. அதன் பின்னால் வீடோ வழியோ இருந்தால் சுடவே கூடாது. அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் பாடம் இது.

பரண்மேல் காத்திருந்தவர்கள்

நம் தேசத்திலும் இந்த வித்தையில் பெயர் பெற்றவர்கள் இருந்தார்கள். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) நம் பக்கத்துக் காடுகளை நன்றாக அறிந்தவர். '405 வின்செஸ்டர்' துப்பாக்கியும் கையுமாக அலைந்தவர். ஏலகிரி மலையில் மனிதரைத் தின்னத் தொடங்கிய ஒரு சிறுத்தையின் கதையையும் எழுதி வைத்திருக்கிறார்.

வடக்கே ருத்ரப்பிரயாகையில் 1918 முதல் 1926 வரை ஒரே சிறுத்தை 125 பேரைக் கொன்றதாக சர்க்கார் கணக்கு. பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. ஜிம் கார்பெட் மாமரத்தில் பரண் கட்டி, கீழே கழுத்தில் மணியோடு ஓர் ஆட்டைக் கட்டிவிட்டு, இரவு இரவாகக் காத்திருந்தார். 1926 மே 2ந் தேதி இரவு மணி கலகலத்தது. டார்ச் வெளிச்சம், ஒரே ஒரு குண்டு, மறுபடி இருட்டு. குண்டு பட்டதா இல்லையா என்பது விடியும் வரை அந்தச் சூரருக்கே தெரியாது! அவ்வளவு பெரிய கைகாரருக்கே அப்படியென்றால், அவசரத்தில் நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எந்த மூலை?

அந்தக் காலம் 1972ல் முடிந்தது. அந்த ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிறுத்தையைக் கொல்வது பெருங்குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைவாசம் உண்டு. நரிக்கும் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்து என்று நிச்சயமானால், மாநிலத்தின் தலைமை வனவிலங்கு அதிகாரி காரணம் காட்டி எழுத்தில் உத்தரவிடலாம். அப்போதும், உயிரோடு பிடிக்க வழியில்லை என்றால்தான் கொல்ல அனுமதி.

குண்டுக்குப் பதில் ஊசி

ஆகவே இன்று நம் பக்கத்து ராத்திரிகளில் வெடிக்கும் துப்பாக்கி வேறு ஜாதி. அதற்குள் இருப்பது மயக்க மருந்து நிரப்பிய ஊசி. 1950களில் நியூசிலாந்தைச் சேர்ந்த காலின் மர்டாக் என்பவர் உருவாக்கிய யோசனை இது.  திருப்பத்தூரில் புகுந்த சிறுத்தையை மடக்கியதும் இந்த ஊசிதான்.

இது சாதுவான துப்பாக்கி, குறி சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குண்டு விநாடிக்கு 600 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஊசியின் வேகம் 100 மீட்டர் கூட இல்லை. விநாடிக்கு 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் கடக்க மூன்றில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் ஊசி அரை மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும்! அதனால் முதலில் கருவியால் தூரத்தை அளந்து, அதற்கேற்பக் காற்றழுத்தத்தைத் திருகி வைக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஊசி மண்ணில் விழும். கூடினால் எலும்பை உடைத்துவிடும். பட வேண்டிய இடமோ தொடைச் சதை. சிறுத்தைக்கு அது அகலமாகவா இருக்கிறது? நம் இரண்டு உள்ளங்கை அளவுதான்.

மருந்தையும் பிராணியின் எடையைக் கண்ணாலேயே மதிப்பிட்டுக் கலக்க வேண்டும். ஊசி பட்டதும் அது சுருண்டு விழுந்துவிடாது. பத்து நிமிஷம் ஆகலாம். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். சுற்றிலும் ஊரே கூடி நின்று, மொபைல் போனில் படம் எடுத்து, கூச்சல் போட்டால் அந்த டாக்டர் என்னதான் செய்வார்? விழுந்த பிறகும் சிறுத்தையின் கண் மூடாது. கண்ணுக்கு மருந்து தடவி, துணியால் மூடி, சூடு அதிகமாகாமல் உடம்பை நனைத்து, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

பிடித்தாயிற்று, தூரத்துக் காட்டில் விட்டாயிற்று. நிம்மதியா? மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 2000க்குப் பிறகு பல சிறுத்தைகளை இப்படிப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். மனிதர்மேல் பாய்வது குறையவில்லை, அதிகமாயிற்று என்று வித்யா ஆத்ரேயா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து காட்டினார்கள். அறியாத இடத்தில் கலவரப்பட்டுத் திரியும் பிராணி, இருந்த இடத்தில் இருந்ததைவிடப் பொல்லாததாகிவிடுகிறது.

பட்டிக்குக் கூரை உண்டா?

ஆக, எத்தனை நேர்த்தியான துப்பாக்கியானாலும் அது கடைசி யோசனை. முதல் யோசனை ஆட்டுப் பட்டியில் இருக்கிறது. உங்கள் தாய்வீடோ அண்ணன் வீடோ மலையடிவாரத்தில் இருந்தால், இந்தக் காரியங்களைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

பொழுது சாய்வதற்குள் ஆடுகள் பட்டிக்குள் வந்துவிட வேண்டும். பட்டிக்குச் சுவர் மட்டும் போதாது. மேலே தகரமோ கம்பி வலையோ வேண்டும். சிறுத்தைக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல, ஒரே தாவல்தான். ஓட வழியில்லாத பட்டிக்குள் அது இறங்கிவிட்டால் ஒன்றோடு நிற்காது; மிரண்டு ஓடும் ஆடுகளையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். கதவு ஆடாமல் தாழ் விழ வேண்டும். துப்பாக்கியின் திருகாணிக்குச் சொன்ன ஜாக்கிரதை இந்தத் தாழ்ப்பாளுக்கும் வேண்டும்.

வீட்டைச் சுற்றிப் புதர் மண்டக்கூடாது. இறைச்சிக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. அதற்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இருட்டில் பெண்டுகளும் குழந்தைகளும் தனியே புதர்ப் பக்கம் ஒதுங்கப் போவது கூடவே கூடாது. வீட்டிலேயே கழிப்பறை இருந்தால் அதைவிடப் பெரிய காவல் இல்லை.

அப்படியும் ஓர் ஆடு போய்விட்டதா? உடலை அப்புறப்படுத்தாமல், விஷம் தடவாமல், உடனே வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். நஷ்டஈடு தர சர்க்காரில் ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் வந்து கால்தடத்தையும் கடிவாயையும் பார்த்துத்தான் சிறுத்தையா, நாயா என்று தீர்மானிக்க வேண்டும்.

நாலு தகடும் ஒரு சுருள் கம்பி வலையும் வாங்க எவ்வளவு ஆகிவிடும்? ஓர் ஆட்டின் விலையில் முடிகிற காரியந்தானே? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, "என்ன அண்ணி, பிரியாணி இல்லையா?" என்று கேட்பதற்கு முன்னால், "பட்டிக்குக் கூரை போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.